‘கையில என்ன காயம்?’ என்று கேட்கலாமா?

வளரிளம் பருவத்தினரின் மனக்காயங்களையும், அவர்கள் போய்ச் சேரும் ஆபத்தான பழக்கங்களையும் ஆய்வு செய்துவரும் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறோம்.

பொதுச் சுகாதாரம் என்றாலே கொசு மருந்தும் தடுப்பூசியும்தான் நினைவுக்கு வருகின்றன. நீங்கள் பள்ளிப் பிள்ளைகளின் மனக்காயத்தை ஆராய்வதாகப் படித்தேன். அது மனநல மருத்துவரின் வேலை இல்லையா?
– கல்லூரி மாணவி, மதுரை

மனநல மருத்துவர் தன்னைத் தேடி வரும் பிள்ளையைப் பார்க்கிறார். தேடி வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை, அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரு வட்டாரத்தில் பத்தாவது படிக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். யாருக்குப் புகையிலைப் பழக்கம் இருக்கிறது, யார் கையைக் கீறிக்கொள்கிறார்கள், யார் அடிக்கடி மட்டம் போடுகிறார்கள் என்று கேட்போம். வீட்டில் அடி உண்டா, அப்பா குடிப்பாரா, யாராவது தவறாகத் தொட்டிருக்கிறார்களா என்றும் கேட்போம். இந்த இரண்டும் எவ்வளவு தூரம் சேர்ந்தே வருகின்றன என்று கணக்குப் பார்ப்போம். கொசு ஒழிப்பிலும் இதைத்தான் செய்கிறோம்: காய்ச்சல் எந்தத் தெருவில் கூடுகிறது என்று பார்த்துவிட்டு, அங்கே தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று தேடுகிறோம்.

இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற அமெரிக்க டாக்டர். 1980களில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில், உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சைப் பிரிவை நடத்தினார். அங்கே ஒரு புதிர். எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஒவ்வொருவரையாக உட்கார வைத்து விசாரித்தபோது, சிறு வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் அவர்களில் நிறையப் பேர் என்று தெரிந்தது. சிலருக்குப் பருமன் ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. உடம்பு இளைத்ததும் அடுத்தவர் பார்வை தன் மேல் விழுகிறதே என்று பயந்து ஓடியிருக்கிறார்கள்.

அப்புறம் அவரும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறு வயது அனுபவங்களைக் கேட்டார்கள். அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனது என்று வகை பிரித்தார்கள். 1998இல் முதல் அறிக்கை வந்தது. இவற்றில் எதுவுமே நடக்காதவர்களோடு ஒப்பிட்டால், நான்கோ அதற்கு மேலோ நடந்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதல். கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். அவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றாவது நடந்திருந்தது.

என்னை இந்தத் துறைக்கு இழுத்து வந்தது அமெரிக்கக் கணக்கு அல்ல, வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரத்தின் கணக்கு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறையினர் அங்கே நிகழும் ஒவ்வோர் இறப்பையும் வீட்டுக்கே போய் விசாரித்துக் காரணம் எழுதிவந்தார்கள். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளைத் தொகுத்து 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயது வரையிலான பெண் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 148 பேரும், ஆண் பிள்ளைகளில் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதிக்கு மேல் அதுதான். நான் அப்போது மாணவி. அச்சிலிருந்த 148 என்ற எண்ணைப் பார்த்ததும், அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து மறுபடி படித்தேன். வீட்டுக்கு வீடு போய் விசாரிக்க ஆளில்லாத வட்டாரங்களில் இந்த இறப்புகள் வயிற்றுவலி என்றும் காய்ச்சல் என்றும் போயிருக்கும். யாராவது எண்ண வேண்டும் என்று அன்று தோன்றியது. இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பத்தாவது படிக்கும் என் மகனின் பேன்ட் பாக்கெட்டில் கூல் லிப் டப்பா கிடைத்தது. அவன் அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். இத்தனைக்கும் அவருக்கே ஹான்ஸ் பழக்கம் உண்டு. அன்றிலிருந்து மகன் யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்ய?
– ஒரு தாய், நாமக்கல்

அம்மா, பதற வேண்டாம். இந்தக் கட்டத்தில் உங்கள் கண்ணில் பட்டது நல்லதே. கூல் லிப் என்பது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பொட்டலம். புகை இல்லை, நெடி இல்லை, துப்பவும் வேண்டாம். வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து வைத்திருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. இருந்தும் பையன்களிடம் விசாரித்தால் எந்தக் கடையில், எந்த நேரத்தில் கிடைக்கும் என்று பிசகில்லாமல் சொல்கிறார்கள்.

‘ஏன்டா போட்ட?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் கிடையாது. ‘முதல் தடவை யார் கொடுத்தாங்க? இப்ப எந்த நேரத்துல வேணும்னு தோணுது?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் விஷயம் வெளியே வரும். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் என்பான் ஒருவன். ராத்திரி வீட்டில் சண்டை நடக்கும்போது, அதை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பான் இன்னொருவன். நண்பர்கள் வைக்கிறார்கள், நானும் வைக்கிறேன் என்பவர்களும் உண்டு. மூன்று பேர் கையிலும் ஒரே டப்பாதான் இருக்கிறது, ஆனால் மூவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. தூக்கத்துக்காக வைக்கிறவனின் டப்பாவைப் பிடுங்கி எறிந்தால், அவன் அதைவிட மோசமான ஒன்றைத் தேடுவான். அங்கே நிற்க வேண்டியது ராத்திரிச் சண்டை.

அவன் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பெல்ட் அடி நிகோடினை விரட்டாது. அடுத்த டப்பாவை எங்கே ஒளிப்பது என்று யோசிக்க வைக்கும், அவ்வளவுதான். அவர் மகனைக் கூப்பிட்டு, ‘அடிச்சது தப்பு. எனக்கும் இந்தப் பழக்கம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல விடலாம்’ என்று சொன்னால், நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அது வேலை செய்யும். 1800-11-2356 என்பது புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய இலவச எண். விட்ட முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கக் கெடுதலும் இருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருவரும் ஒரு முறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். வாய்க்குள் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, வாயை அகலத் திறக்க முடியாவிட்டாலோ தள்ளிப்போடவே கூடாது.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ‘ட்ராமா’ என்கிறார்கள். என் அண்ணன் மகன் நண்பர்களைக் கண்டால் பைக்கில் வீலிங் செய்கிறான். அவனுக்கு வீட்டில் ஒரு குறையும் கிடையாது.
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

சரியாகச் சொல்கிறீர்கள். எல்லா ஆபத்துக்கும் பின்னால் மனக்காயம் இருப்பதில்லை. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 306 பேரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது வயதுக்கு வயது பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் 13 முதல் 16 வயது வரையிலானவர்கள் எடுத்த ஆபத்து எகிறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் அண்ணன் மகன் பதினெட்டுக்குக் கீழ் என்றால் பைக் சாவி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். நான் கவலைப்படுவது வேறு பையனைப் பற்றி: யாரும் பார்க்காதபோதும் வேகமாக ஓட்டுகிறவன், விழுந்தால் விழட்டும் என்று இருக்கிறவன். அவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டு வருகிறாள். கையில் வரிசையாகக் கீறல்களைப் பார்த்துவிட்டேன். கேட்டால், நாமே தற்கொலை எண்ணத்தைத் தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். கேட்கலாமா?
– ஆசிரியை, திருப்பத்தூர்

கேளுங்கள் டீச்சர். இந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு, அதனாலேயே இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவிடம் மட்டும் முதல் படிவத்தில் தற்கொலை பற்றிக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலும் கூடவில்லை, தற்கொலை எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பு முயன்றவர்களுக்கும் உளைச்சல் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2005இல் வெளியான ஆய்வு இது.

எங்கே, எப்படிக் கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். மற்ற டீச்சர்களின் காது அங்கேயே இருக்கும். நோட்டு எடுத்து வரச் சொல்லி, மரத்தடியிலோ காலி வகுப்பிலோ, எல்லாரும் பார்க்கும்படியும் யாருக்கும் கேட்காதபடியும் உட்காருங்கள். ‘கையில காயம் பார்த்தேன்மா. நீயே பண்ணிக்கிட்டதா?’ என்று நேராகக் கேளுங்கள். அவள் தலையாட்டினால், ‘செத்துப்போகணும்னு தோணியிருக்கா?’ என்பதையும் அதே குரலில் கேளுங்கள். கீறிக்கொள்ளும் பிள்ளைகள் பலருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. தாங்க முடியாத ஒன்றைச் சில நிமிடம் தள்ளிவைக்க அது உதவுகிறது என்பார்கள். ஆனால் அந்த எண்ணமும் சிலருக்கு இருக்கும். கேட்காமல் நமக்கு எப்படித் தெரியும்? ‘பைத்தியமா உனக்கு’, ‘அப்பா அம்மாவை நெனைச்சுப் பாத்தியா’ என்ற இரண்டும் உங்கள் வாயில் வந்துவிடக் கூடாது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். ‘உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்டன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி நீங்கள் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் உங்களுக்கே தண்டனை உண்டு. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போவார்களோ என்று பயப்பட வேண்டாம். அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநலத்துக்கு 14416, தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை நீங்களே கூடப் போய்விட்டு வந்தால் நல்லது. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் போக மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

எங்கள் காலத்தில் வாத்தியார் முட்டிபோட வைத்து, தோலை உரித்துத்தான் படிக்க வைத்தார். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்? உங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளைக் கோழைகளாக்குகிறீர்கள்.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஈரோடு

ஐயா, நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அடி வாங்கிய எல்லாரும் கெட்டுப்போவார்கள் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் அடிக்குப் பயந்து ஏழாவதோடு நின்றவர்கள் யார் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் இந்தக் கேள்வியை எழுதி அனுப்ப மாட்டார்கள். நன்றாக இருப்பவர்களை மட்டும் வைத்து எண்ணினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும்.

அடி வாங்கியும் தாங்கி நின்றவர்களிடம் பேசினால், பாட்டியோ சித்தப்பாவோ ஒரு வாத்தியாரோ, தன் பக்கம் நின்ற ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறார்கள். உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார். தாங்க வைத்தது அவர்தான் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று: பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இப்போது எங்கள் பாடசாலைகளில் படிக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் வன்முறை, பிள்ளைகளிடம் போதை என்று கேள்விப்படுகிறோம். இதற்கும் யுத்தத்தைக் காரணம் சொல்லலாமோ?
– வாசகர், கிளிநொச்சி

நான் வன்னியில் வேலை செய்ததில்லை. அங்கே நடந்த ஆய்வுகளைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். 2008இல் கிளாவ்டியா கட்டானி என்ற ஜெர்மன் ஆய்வாளரும் அவர் குழுவினரும் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் மூன்றையும் சேர்த்துக் கேட்டார்கள்: யுத்தத்தில் பட்டது, 2004 சுனாமியில் பட்டது, வீட்டுக்குள் பட்டது. ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. யுத்தத்தை அதிகம் கண்ட பிள்ளைகளின் வீடுகளிலும், தகப்பன் குடிக்கும் வீடுகளிலும் அடி உதை கூடுதலாக இருந்தது. ஆக, யுத்தம் வெளியே மட்டும் நடக்கவில்லை. தகப்பனின் குடி வழியாக வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சமாதானம் வந்த நாளில் தகப்பன்மாரின் குடி நின்றுவிடாது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளையை யுத்தம் இந்த வழியில் தொட்டிருக்கலாம் என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்ற கோணத்தில் நெடுங்காலமாக எழுதிவருகிறார். குடும்பத்தையும் ஊரையும் பிணைத்திருந்த உறவும் நம்பிக்கையும் அறுந்தால், அதைத் தனியாள் சிகிச்சையால் மட்டும் சரிசெய்ய முடியாது என்கிறார்.

உதவி என்ற பெயரில் எதைச் செய்தாலும் பலன் வந்துவிடாது என்பதற்கும் உங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது. வடபகுதிப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளை வைத்து 15 அமர்வுகள் கொண்ட ஒரு குழுத் திட்டத்தைச் சோதித்தார்கள். 2012இல் வந்த முடிவு: மொத்தத்தில் பெரிய பலன் இல்லை. சில பிரிவினருக்கு நன்மை இருந்தது. ஆனால் பெண் பிள்ளைகளில், திட்டத்தில் சேராமல் காத்திருந்தவர்களே அதிர்ச்சி அறிகுறிகளிலிருந்து கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மாறாக, சுனாமிக்குப் பின் முகாம்களில் 31 பிள்ளைகளிடம் ஆறே அமர்வுகளில் இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தனக்கு நடந்ததைக் கதையாகக் கோத்துச் சொல்லும் சிகிச்சை, மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள், தொடர்ந்து வருகிற ஆள் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. உங்கள் நாட்டில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

படிவத்தில் ‘கஞ்சா அடித்திருக்கிறாயா?’ என்று கேட்டால் எந்த மாணவன் உண்மையை எழுதுவான்? உங்கள் புள்ளிவிவரத்தை எப்படி நம்புவது?
– பொறியியல் மாணவர், சென்னை

பெயர் கேட்க மாட்டோம், ஆசிரியர் வகுப்பில் இருக்க மாட்டார். வாய்ப்பிருந்தால் ஹெட்ஃபோனில் கேள்வியைக் கேட்டுவிட்டு டேப்லெட்டில் பதிலைத் தொட்டால் போதும் என்று வைப்போம். பக்கத்தில் இருப்பவருக்கு எந்தக் கேள்வி ஓடுகிறது என்றே தெரியாது. பெருமைக்காக மிகைப்படுத்துகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க, ஐரோப்பியப் பள்ளி மாணவர் ஆய்வில் ‘ரெலெவின்’ என்று உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதை எடுத்ததாக எழுதுகிறவரின் மற்ற பதில்களும் சந்தேகத்துக்கு உரியவை. பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதி. வேண்டாம் என்று எழுந்து போகிற பிள்ளையைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை.

எங்களுக்கு நெல் வயல் உண்டு. பூச்சிமருந்து வீட்டில்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண், செல்போன் சண்டையில், நொடியில் முடிவெடுத்துவிட்டாள். என் மகளுக்குப் பதினாறு வயது, ரோஷக்காரி. பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கடலூர் மாவட்டம்

இந்தப் பயத்துக்கு இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீதி இருந்தால் வயல் மோட்டார் கொட்டகையில் பூட்டி, சாவியை ஒரே ஒருவர் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த வயதில் பல முயற்சிகள் நீண்ட நாள் திட்டம் அல்ல. கோபமும் அவமானமும் உச்சத்தில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் நடந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சென்னை ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் பூச்சிமருந்துக்குப் பொதுச் சேமிப்பறை கட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி, ஒரு பூட்டு. சேமிப்பறை இருந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. இலங்கை வேறு வழியில், நாடு முழுவதற்குமாக விஷத்தை எட்டாமல் செய்தது. 1995இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 தற்கொலைகள். அந்த ஆண்டிலும் 1998இலும் மிகக் கொடிய மருந்துகளைத் தடை செய்தார்கள். அடுத்த பத்தே ஆண்டில் எண்ணிக்கை பாதியானது. விளைச்சல் குறையவில்லை. மக்களின் துயரம் பாதியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துயரம் இருந்த நேரத்தில் விஷம் எட்டவில்லை.

எங்கேயாவது யாராவது முயன்றுவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டிலேயே கைவைத்தியம் பார்க்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 108க்குப் போன் செய்யுங்கள். மகளிடம் செல்போனைப் பிடுங்கும் நிலை வந்தால், மற்றவர் முன்னால் பிடுங்காதீர்கள். திட்டியது போதும் என்று நினைத்த பிறகு அவளைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

எனக்கு ஒன்பது வயதில் குடும்ப நண்பர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார். ஆண் பிள்ளை என்பதால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லவில்லை. அப்பாவும் குடிப்பார். இணையத்தில், சிறு வயது அனுபவங்களைக் கேட்கும் அந்த அமெரிக்கக் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தேன். என் மதிப்பெண் 6. நானும் குடிகாரனாகத்தான் ஆவேனா?
– பதினேழு வயது மாணவன்

தம்பி, ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் ஆண்டாவே 2020இல் ஒரு கட்டுரை எழுதி, அந்த மதிப்பெண்ணைத் தனி மனிதர் ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்துவது தவறு என்று சொல்லியிருக்கிறார். பெருங்கூட்டத்தின் போக்கைப் பார்க்கச் செய்த கருவி அது. எத்தனை முறை நடந்தது, எவ்வளவு கடுமை, நடந்த பிறகு யார் உங்கள் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் வராது. சாதியின் பெயரால் வகுப்பில் பட்டதையும் அது கேட்கவில்லை. நான் ஆய்வில் சந்தித்தவர்களில் உங்களைவிட அதிக மதிப்பெண் வாங்கி, ஒரு சொட்டு மதுவும் தொடாதவர்கள் உண்டு.

ஆண் பிள்ளை என்பதால் நம்ப மாட்டார்கள் என்றீர்கள். 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஏறக்குறைய 53 சதவீதம் ஆண் பிள்ளைகள். போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. புகார் கொடுக்கக் காலக்கெடுவும் இல்லை. உங்கள் பெயரை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. அந்த ஆள் இன்னமும் வீட்டுக்கு வந்துபோகிறார் என்றால், தாமதிக்காமல் 1098ஐ அழையுங்கள். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது இன்னும் அவசரம்.

நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஒன்பது வயதில் தடுக்கவோ சொல்லவோ முடியாமல் போனது உங்கள் குற்றம் இல்லை. இப்போது நம்பிக்கையான ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலோ, ‘விடுப்பா பழசு’ என்றாலோ, அவர் தகுதியான ஆள் இல்லை என்று எண்ணி அடுத்தவரிடம் போங்கள். இந்த அதிர்ச்சிக்கென்றே சிகிச்சைகள் இருக்கின்றன. பேச்சு வழியில், சில மாதங்களில் முடியக்கூடியவை. 14416இல் கேட்டால் உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். இரவில் மனசு மோசமாக இருந்தால் ஸ்நேகாவின் 044-24640050க்கும் பேசலாம்.

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் மாணவர்களுக்குள் அடிதடி, போதை என்று பிரச்சினைகள். ஒரு பிரபலப் பேச்சாளரை அழைத்து ஒருநாள் தன்னம்பிக்கை முகாம் நடத்த நன்கொடை திரட்டியிருக்கிறோம். வேறு யோசனை உண்டா?
– தலைமை ஆசிரியர், தென்காசி மாவட்டம்

சார், அந்த நன்கொடையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். ஒருநாள் பேச்சில் பிள்ளைகள் கைதட்டுவார்கள், சிலர் அழுவார்கள். மறுநாள் காலையில் பேச்சாளர் இருக்க மாட்டார்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. 2018இல் ‘லான்செட்’டில் முடிவு வந்தது. சில பள்ளிகளில் உள்ளூரைச் சேர்ந்த, மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகராக வைத்தார்கள். வேறு சிலவற்றில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியரிடமே கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான பாடம் மட்டும். வேலை என்ன? பிள்ளைகள் பிரச்சினையை எழுதிப்போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, சீண்டலுக்கு எதிராகப் பள்ளியே எழுதிக்கொண்ட விதிகள், கேட்டு வருகிற மாணவரோடு தனியாகப் பேச்சு. உள்ளூர் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், சீண்டலும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் வழக்கமான பள்ளிகளைவிட ஒன்றும் மேம்படவில்லை. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. மதிப்பெண் போடுகிறவரிடம் போய் மனசைத் திறக்க எந்தப் பிள்ளைக்கும் தயக்கம் இருக்கும், ஆசிரியருக்கும் சிலபஸ் கழுத்தைப் பிடிக்கும்.

நம் அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் சுவரில் மாட்டியிருப்பீர்கள். கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று பாருங்கள். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவன் தன் வீட்டிலேயே, கூடப் படித்தவர்களால் வெட்டப்பட்டது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட பகை ஒரே நாளில் மூள்வதில்லை. கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறத்திலும் பெஞ்சில் கிறுக்கியதிலும் வாரக்கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கும். எழுதிப்போட ஓர் இடமும், அதைப் படிக்க ஓர் ஆளும் வேண்டும்.

திரட்டிய பணத்தில், ஊரிலேயே படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும், சமூகப்பணியோ உளவியலோ படித்த ஒருவரை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை வாரத்தில் சில நாட்களுக்கு அமர்த்துங்கள். எந்தச் சாதிப் பக்கமும் சாயாதவர் என்று மாணவர்கள் நம்பக்கூடியவராக இருக்கட்டும். ஒரு தனி அறையும் கொடுங்கள், பழைய ஆய்வகச் சாமான் அறை போதும். வெள்ளிக்கிழமை தோறும் அவரும் இன்னொரு ஆசிரியரும் சேர்ந்து பெட்டியைத் திறக்கட்டும். பெயர் சொல்லாமல் பதில் சொல்லக்கூடியதற்குத் திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்திலேயே பதில் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தால், அந்த வாரமே போட்டுவிடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் பெரிய விஷயங்களை எழுத ஆரம்பிப்பார்கள்.